பாக்கியம் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன்

காலை ஏழு மணிக்குத் தங்கராசு போன் செய்தார். அவர் போன் செய்தால் பூம்பாறைப் பூண்டு வந்திருக்கிறது, அல்லது அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று அர்த்தம். இரண்டில் எதுவோ என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"சார், நம்ம பாக்கியக்கா தவறிட்டாங்க. நேத்து வெள்ளனே. பாச்சலூர்ல, மக வீட்ல."

"பாக்கியம் தவறிட்டாங்க. நேத்து வெள்ளனே. பாச்சலூர்ல, மக வீட்ல" என்றேன் நான்.

எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு "சரி சார்" என்றார் தங்கராசு. அதற்கப்புறம்தான் மற்ற விவரங்களைச் சொன்னார். படுக்கையில் கிடக்கவில்லையாம். முந்தின நாள் சாயங்காலம்கூட மிளகு காயவைத்த பாயைத் தானே சுருட்டி வைத்தாராம். மகள் காப்பி கொண்டுபோய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள். "துக்கம் சொல்றவங்க கிட்ட எதுக்கு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சீங்க?" நியாயமான கேள்வி. கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் பெஞ்சில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளங்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விளக்கினால் பாக்கியத்தைப் பற்றிச் சொன்னதாகவே ஆகிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்தேன். மதுரையில் வளர்ந்தவன், இன்ஜினியரிங் முடித்தவன், எல்லாம் தெரிந்தவன். மலைமேல் எங்களுடையது சின்னக் கூடம். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகளைக் கேட்பதற்கான பெட்டிகளைச் செய்து, அளந்து, கீழே உள்ள நிலையங்களுக்கு அனுப்புவது எங்கள் வேலை. தலைவர் வேங்கடாசலம், கம்பளிக் குல்லாயைக் கழற்றி நான் பார்த்ததில்லை. லாரி ஓட்டவும் பழுது பார்க்கவும் தங்கராசு. பெட்டிகளை அளக்கும் பெஞ்சில் பாக்கியம்.

பாக்கியம் பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில். பதினெட்டு வயதில் குடும்பத்தோடு கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவர். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலிக்குப் போனார். பிறகு எங்கள் கூடத்தில் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்ற ஆள் வேண்டும் என்றபோது வந்து சேர்ந்தார். தலைமுடி கனத்துக்கு இருக்கும் செம்புக் கம்பியை நூற்றுக்கணக்கான சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் தலைவர் அவரைப் பெஞ்சுக்கு மாற்றினார். நான் போனபோது அவருக்கு என் வயதுதான். ஆனால் பெஞ்சில் அவர் சீனியர். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பெஞ்சில் இரண்டு கருவிகள். ஒன்று சிக்னல் ஜெனரேட்டர். எந்த அலைவரிசையில், எந்த அளவில் சிக்னல் வேண்டும் என்று குமிழைத் திருப்பி வைத்தால், அதைச் செயற்கையாக உண்டாக்கித் தரும். மற்றது ஆஸிலோஸ்கோப். பெட்டிக்குள் போன சிக்னல் வெளியே வரும்போது என்ன ஆகியிருக்கிறது என்பதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும். ஜெனரேட்டரில் ஓர் ஆள், ஸ்கோப்பில் ஓர் ஆள். ஒரு பெட்டிக்கு இருநூறு இடத்தில் இப்படி அளக்க வேண்டும். ஒரு பெட்டி முடிய ஒன்றரை நாள் ஆகும்.

ஜெனரேட்டரில் இருந்த பாக்கியம் குமிழைத் திருப்பிவிட்டு, முதலில் அலைவரிசை, பிறகு அளவு என்று, "பதினெட்டு. லெவல் மூணு" என்பார். ஸ்கோப்பில் இருப்பவர் "பதினெட்டு. லெவல் மூணு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பாக்கியம் "சரி" என்பார். அதற்குப் பிறகுதான் அளவெடுக்கலாம். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே பெஞ்சில், முழங்கை இடிக்கிற தூரத்தில்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றேன்.

"காது கேக்குதான்னு பாக்கலை சார். விளங்குச்சான்னு பாக்கிறேன்."

நான் வீம்புக்குத் திருப்பிச் சொல்லவில்லை. பாக்கியம் சண்டை போடவில்லை. மடியிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறக்கும்வரை பின்னினார். திறந்ததும் "சரி" என்று சொல்லி ஊசியை வைத்தார். அந்த வருஷம் அவருடைய அண்ணன் மகளுக்கு ஒரு முழு ஸ்வெட்டர் என் வீம்பிலேயே முடிந்தது என்று தங்கராசு ஊரெல்லாம் சொல்லி வைத்தார். கைப்பகுதி மட்டும்தான் என்று நான் இன்றும் வாதாடுவேன்.

நான்கைந்து வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் தங்கராசு வத்தலக்குண்டிலிருந்து லாரியில் மூன்று மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கும்போது, "ஏலே, என்ன கனம் கனக்கு! உள்ள ஆளு உக்காந்திருக்கானா?" என்றார். ஒரு விதத்தில் அது உண்மைதான். ஒரு பெட்டியில் மேசைமேல் வைக்கிற கம்ப்யூட்டர். மற்ற இரண்டிலும் கம்ப்யூட்டர் சொன்னால் கேட்கிற புது ஜெனரேட்டரும் புது ஸ்கோப்பும். மூன்றையும் விரல் தடிமன் கேபிளால் இணைத்துவிட்டால், குமிழைத் திருப்ப ஆள் வேண்டாம். புரோகிராம் எழுதினால் போதும். புரோகிராம் எழுத நான் இருந்தேன்.

எழுதினேன். ஒன்றரை நாள் வேலை ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. தலைவர் குல்லாயைத் தொட்டுக்கொண்டார். அது அவரால் முடிந்த அதிகபட்சப் பாராட்டு. இருபத்து நான்கு பெட்டிகளையும் மழைக்காலத்துக்கு முன் அளந்து அனுப்பிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். நான் மால் ரோட்டில் நடக்கும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததாக ஞாபகம்.

என் புரோகிராமில் ஒரு குறை இருந்தது. அப்போது அதை நான் குறை என்று நினைக்கவில்லை. எல்லா அளவுகளையும் முன்கூட்டியே ஒரு பட்டியலாக எழுதிவைத்திருந்தேன். ஓடத் தொடங்கினால் அந்தப் பட்டியல்படிதான் ஓடும். நடுவில் எதையாவது மாற்ற வேண்டுமானால் நிறுத்தி, பட்டியலைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பாக்கியத்துக்கு இதுதான் பொறுக்கவில்லை. ஒரு பெட்டி கொஞ்சம் பலமாகப் பேசும், ஒன்று மெதுவாகப் பேசும். பலமாகப் பேசுகிற பெட்டி வந்தால் ஸ்கோப்பின் திரையில் அலை மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டு வெளியே போய்விடும். மெதுவாகப் பேசுகிற பெட்டி வந்தால் அலை கோடாகப் படுத்துவிடும். குமிழை ஒரு படி திருப்பினால் அலை அழகாக உள்ளே வந்து உட்காரும். ஆனால் கம்ப்யூட்டர் ஆளுகிற நேரத்தில் குமிழ் வேலை செய்யாது.

ஒன்பதாம் பெட்டி மெதுவாகப் பேசுகிற பெட்டி. ஸ்கோப்பில் 'லோக்கல்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருப்பதைப் பாக்கியம் கண்டுபிடித்தார். அதை அழுத்தினால் குமிழ் கைக்கு வந்துவிடும். அழுத்தினார், ஒரு படி திருப்பினார், படுத்திருந்த அலை எழுந்து உட்கார்ந்தது. புரோகிராமும் நிற்காமல் ஓடியது. அவருக்குத் திருப்தி. ஆனால் ஸ்கோப் ஒரு படி மாறியது என் புரோகிராமுக்குத் தெரியாது. அது பட்டியலில் இருந்த பழைய படியை வைத்துத்தான் கணக்குப் போட்டது. தாள் வெளியே வந்தபோது ஒன்பதாம் பெட்டி மற்ற எல்லாப் பெட்டிகளையும்விடப் பல மடங்கு நன்றாகக் கேட்பதாகக் கணக்கு சொன்னது. அடிவாரத்தில் ஆரம்பித்த கோடு மலையுச்சிக்குப் போய்விட்டது.

தலைவருக்கு ஆனந்தம். நம் கூடத்தில் இப்படி ஒரு பெட்டி உருவாகியிருக்கிறதே என்று அன்றைக்கே தலைமையகத்துக்குக் கடிதம் போட்டார். பழனிக்குப் போய் வந்த தங்கராசு வாங்கி வந்த பஞ்சாமிர்தத்தை ஒன்பதாம் பெட்டியின் முன்னால் வைத்து எல்லோருக்கும் கொடுத்தோம். நான் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். எல்லாம் என் புரோகிராமின் மகிமை என்பது என் எண்ணம்.

பாக்கியம் மட்டும் பஞ்சாமிர்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தார். "ஒன்பது அவ்வளவு நல்ல பிள்ளை இல்லையே சார். நான்தானே அதுக்குக் காயில் சுத்தினேன்" என்றார். மறுநாள் காலையில் பழைய கருவிகளை எடுத்துவைத்து, நாலு இடத்தில் கையால் அளந்து பார்த்தார். ஒன்பது சாதாரணப் பெட்டிதான். எங்கே தப்பு நடந்தது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நேரே தலைவர் அறைக்குப் போய், "நான் குமிழைத் திருப்பினேன் ஐயா" என்று சொல்லிவிட்டார்.

தலைவர் இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்தை எழுதிய கோபத்தில் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, யாரும் குமிழைத் தொட முடியாதபடி செய்துவிடு என்று என்னிடம் சொன்னார். அது ரொம்பச் சுலபம். ஒரே கட்டளையில் 'லோக்கல்' பொத்தானைச் செத்துப்போகச் செய்யலாம். செய்தேன். இரண்டாவது, ஒரு மாதத்தில் தலைமையகத்திலிருந்து வரப்போகும் மூன்று பேர் குழு பெஞ்சைப் பார்த்துவிட்டு, அங்கே ஆள் தேவையில்லை என்று சொன்னால் பாக்கியத்தின் இடம் போய்விடும் என்று அவரிடமே சொல்லிவிட்டார். பாக்கியம் அப்போது தினக்கூலிதான். காயில் சுற்றும் வேலையும் அதற்குள் வெளி ஆட்களுக்குப் போயிருந்தது. இடம் போனால் மறுபடி உருளைக்கிழங்குத் தோட்டம்தான்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாவம் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றும் நினைத்தேன். அந்தப் பொத்தானைச் சாகடித்தவனே நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"என் கையைக் கட்டிப்போட்டுட்டீங்க" என்று மட்டும் பாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டுப் பெஞ்சில் வழக்கம்போல உட்கார்ந்துகொண்டார். ஸ்வெட்டர்கூடப் பின்னவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

பதினான்காம் பெட்டி வந்த அன்று மலை முழுவதும் மூடுபனி. கருவிகளில் ஈரம் ஏறாமல் இருக்க அலமாரியில் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். அன்றைக்கு இரண்டு எரிந்தன. தலைவர் கேட்டார் என்று பட்டியலின் நடுவில் ஒரு சோதனையைப் புதிதாகச் சேர்த்திருந்தேன். முதலில் பெரிய சிக்னல் ஒன்று, உடனே மிகச் சின்ன சிக்னல் ஒன்று. சின்ன சிக்னலைக் கேட்பதற்காகப் பெட்டி காதை முழுசாகத் திறந்துவைத்திருக்கும். ஓட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன். நான் கேட்ட அந்தச் சின்ன அளவு, ஜெனரேட்டரால் தர முடிகிற அளவுக்கும் கீழே இருந்தது. முடியாததைக் கேட்டால் ஜெனரேட்டர் சண்டை போடாது. ஓரத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கை ஏற்றிவிட்டு, பழைய அளவிலேயே நின்றுகொள்ளும். காதை முழுசாகத் திறந்துவைத்திருந்த பெட்டிக்குள் பெரிய சிக்னல் போய்க்கொண்டிருந்தது. சின்ன அளவைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று என் புரோகிராம் நிம்மதியாக ஓடியது.

நான் டீ டம்ளரோடு திரும்பி வந்தபோது பாக்கியம் ஜெனரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரைக் கையில் பிடுங்கி வைத்துக்கொண்டு நின்றார். நான் கத்தினேன். ஒரு மணி நேரத்து வேலை போச்சே என்று கத்தினேன். அவர் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் முன்பகுதி முழுவதும் கருகியிருக்கும். பிறகு அவர் அந்தச் சிவப்பு விளக்கைக் காட்டினார். அப்படி ஒரு விளக்கு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். "எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற எடத்துல, கணக்கப்பிள்ளை எடையச் சத்தமாச் சொல்லுவாரு. கூடைக்காரி திருப்பிச் சொல்லணும். அவரு சரின்னு சொல்லணும். திருப்பிச் சொல்லாம அடுத்த கூடையத் தட்டுல வைக்கவே மாட்டாரு. மழை கொட்டினாலும் வைக்க மாட்டாரு. உங்க கம்ப்யூட்டர் சொல்லுது. நல்லாத்தான் சொல்லுது. யாரு திருப்பிச் சொல்றா?"

ஐந்து வருஷமாக அந்தப் பெஞ்சில் அந்த அம்மாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது. டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தேன்.

குழு வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. புரோகிராமை முதலிலிருந்து எழுதினேன். எழுதினோம் என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. ஆனால் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது அவர்தான். கருவியிடம் ஒன்றைச் சொன்னதும் புரோகிராம் அடுத்த வேலைக்குப் போகாது. "இப்போது எதில் நிற்கிறாய்?" என்று கருவியையே கேட்கும். அது சொல்கிற பதில் சொன்னதோடு ஒத்துப்போனால்தான் மேலே போகும். ஒத்துப்போகாவிட்டால் நிற்கும், மணியடிக்கும். கணக்குப் போடுவதும் பட்டியலில் இருக்கிற அளவை வைத்து இல்லை, கருவி சொன்ன பதிலை வைத்துத்தான்.

இது வந்ததும் இன்னொன்று தானாக வந்தது. கருவியையே கேட்டுத் தெரிந்துகொள்கிற புரோகிராமுக்கு, நடுவில் யார் எதை மாற்றினால் என்ன? நிறுத்த வேண்டாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கம்ப்யூட்டரின் மேல்வரிசையில் எட்டுச் சாவிகள் சும்மா கிடந்தன. ஜெனரேட்டரின் அளவைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, ஸ்கோப்பின் படியை ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று பிரித்துக்கொண்டோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தலாம். அடுத்த இடத்தில் அளவு மாறும், கருவி பதில் சொல்லும், பதில் திரையில் வரும், வேலை நிற்காமல் போகும். எட்டாவது சாவிக்குத்தான் எங்களுக்குள் சண்டை. அதை அழுத்தினால் குமிழ்கள் எல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும் என்றார் பாக்கியம். மறுபடி அழுத்தும்போது புரோகிராம் கருவிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விட்ட இடத்திலிருந்து போகட்டும். அது ஆபத்து என்றேன் நான். "நீங்க பயந்தது என் கைக்கா, உங்க புரோகிராமுக்கா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

சாவிகளின் மேல் ஒட்ட ஒரு காகிதப் பட்டையை வெட்டி, அவரே எட்டுக் கட்டம் போட்டு எழுதினார். எட்டாவது கட்டத்தில் 'கை' என்று ஒரே எழுத்து.

தலைவர் வந்து பார்த்தார். ஒரு மணி நாற்பது நிமிஷம் இரண்டு மணி பத்து நிமிஷமாக ஆகியிருந்ததைத்தான் முதலில் கவனித்தார். கேட்டுக் கேட்டு ஓடினால் நேரம் ஆகத்தானே செய்யும். "அரை மணி கூடினா ஒரு டீ கூடும் ஐயா, அவ்வளவுதானே" என்றார் பாக்கியம். தலைவர் குல்லாயைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. குழு வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழு வந்தது. மூன்று பேர். மலைப்பாதை வளைவுகளில் மூன்று பேருக்கும் வாந்தி. தங்கராசின் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. "எவ்வளவு மெதுவா ஓட்டினேன் தெரியுமா? பெருமாள்மலை வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தாங்க. அப்புறம் சோலி முடிஞ்சது" என்றார் தங்கராசு என் காதில். பாக்கியம் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். தன் இடத்தை எடுக்க வந்தவர்களுக்குச் சுக்குத் தண்ணீரா என்று கேட்டேன். "வாந்தி எடுத்த வயித்தோட முடிவெடுத்தா தப்பா எடுப்பாங்க சார்" என்றார்.

இருபத்து இரண்டாம் பெட்டியை ஓட்டினோம். குழுவின் மூத்தவர் நாற்காலியைப் பெஞ்சுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காகப் போனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே முடிந்தால் இங்கே ஆள் எதற்கு என்றுதான் கேட்பார்கள். நான் செய்த வேலை நன்றாக ஓடக் கூடாது என்று வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் வேண்டிக்கொண்டேன்.

கொடைக்கானல் கரண்ட் என் பக்கம் நின்றது. பல்பு ஒரு தடவை மங்கி, பளிச்சென்று வந்தது. கம்ப்யூட்டருக்கு ஸ்டெபிலைசர் இருந்ததால் அது தப்பித்தது. ஜெனரேட்டர் மட்டும் அணைந்து எரிந்தது. அணைந்து எரிந்தால் அது பிறந்த குழந்தை, முன்னால் சொன்னது எதுவும் ஞாபகம் இருக்காது. மணியடித்தது. சொன்னது பதினெட்டு, ஜெனரேட்டர் நூறு என்கிறது என்று திரையில் வந்து புரோகிராம் நின்றது. நான் அவசரமாகப் பதினெட்டு என்று போடப் போனேன்.

"பொறுங்க சார்!" பாக்கியம் என் கையைத் தட்டிவிடாத குறை. "முதல்ல லெவலக் கொறைங்க. முழிச்சதும் அது எந்த லெவல்ல நிக்குதுன்னு பாக்காம பதினெட்டுக்குப் போனீங்கன்னா, பெட்டி தாங்காது." அவரே சாவியை அழுத்தி அளவைக் கீழே கொண்டுவந்தார். திரையில் பதில் வந்ததும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார். பிறகு அலைவரிசை. அதையும் திருப்பிச் சொன்னார். பிறகு அளவைப் படிப்படியாக ஏற்றினார். "சரி" என்று சொல்லி ஓடவிட்டார். விட்ட இடத்திலிருந்து ஓடியது.

மூத்தவர் என்னைப் பார்த்தார். "கருவியைத் திருப்பிக் கேட்கிறது, நடுவிலேயே மாத்திக்கிறது. நல்ல யோசனை. யாருடையது?"

ஒரு நொடி தயங்கினேன். ஒரே ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் என் பெயர் எவ்வளவு அழகாக இருக்கும் என்று தோன்றியது உண்மை. "இவங்களோடது. நான் எழுதிக் கொடுத்தேன்" என்றேன்.

"நிறுத்தத்தான் உங்க புரோகிராமுக்குத் தெரியுது. அப்புறம் என்ன செய்யணும்னு இந்த அம்மாவுக்குத்தான் தெரியுது. அப்ப ஆள் வேணும்தானே?" என்று அவர் தலைவரிடம் திரும்பினார். தலைவர் குல்லாயைத் தொட்டுக்கொண்டார்.

குழு இறங்கிப் போன பிறகு பாக்கியம் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார். "ஒரு செகண்ட் உங்களுக்கும் வோல்டேஜ் எறங்கிருச்சோ சார்?" அவர் பார்த்துவிட்டார். எதைத்தான் அவர் பார்க்காமல் விட்டிருக்கிறார்! சில மாதங்களில் அவருக்கு வேலை நிரந்தரமானது. உத்தரவுத் தாளைத் தலைவர் படித்துக் காட்ட, பாக்கியம் முழுவதையும் வரி வரியாகத் திருப்பிச் சொன்னார். கடைசி வரி வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போய் அதை விட்டுவிட்டார். தலைவரே இன்னொரு முறை படித்தார். பாக்கியம் அதையும் திருப்பிச் சொன்னார்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவருக்குப் பாச்சலூர்க்காரர் ஒருவரோடு பழனியில் கல்யாணம் நடந்தது. பெஞ்சில் இருந்த எல்லோரும் போனோம். ஐயர் மந்திரம் சொல்லிக்கொடுக்க, மாப்பிள்ளை கூச்சத்தில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். "சத்தமாச் சொல்லுங்க, விளங்கலை" என்றார் மணப்பெண். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை சத்தமாகச் சொன்னார். மணப்பெண் தலையாட்டும்வரை ஐயரும் காத்திருந்தார். "சரின்னு சொல்லுக்கா, முகூர்த்தம் போகுது" என்று பின்னாலிருந்து தங்கராசு கத்தினார்.

நானும் மலையிலிருந்து இறங்கி, வேறு ஊர்களில் வேறு கருவிகளுக்குப் புரோகிராம் எழுதி ஓய்வுபெற்றுவிட்டேன். அவற்றில் ஒன்றுகூடக் கருவியைத் திருப்பிக் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போனதில்லை. கடைசியாகப் பாச்சலூரில் பார்த்தபோதும், "இப்பவும் திருப்பிக் கேக்குதா உங்க புரோகிராம்?" என்றுதான் விசாரித்தார். அந்தக் காகிதப் பட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மை மங்கிவிட்டது. எட்டாவது கட்டத்தில் 'கை' மட்டும் தெளிவாக இருக்கிறது, அதை மட்டும் அவர் இரண்டு முறை அழுத்தி எழுதியிருந்தார்.

என் மனைவி கேட்டதற்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். தங்கராசு சொன்னதை நான் ஒப்பிக்கவில்லை. பெஞ்சில் திருப்பிச் சொல்வது, தப்பாக இருந்தால் எதிரில் இருப்பவர் "இல்லை" என்று சொல்வதற்காக. பாக்கியம் தவறிட்டாங்க என்று திருப்பிச் சொல்லிவிட்டு நான் காத்திருந்தேன். தங்கராசும் உடனே வாயைத் திறக்கவில்லை.

பிறகு "சரி சார்" என்றார்.